காரணம் தாங்குகிறதா?



"எல்லா நண்டுகளும் இறால்கள். எல்லா இறால்களும் மீன்கள். ஆகவே, எல்லா நண்டுகளும் மீன்கள்." இந்த வாதம் சரியா, தவறா?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். நண்டு தனி, இறால் தனி, மடவை மீன் தனி என்று கூடை கூடையாகப் பிரிப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அது. "தவறு" என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். மதிப்பெண்ணும் போய்விடும். ஏனென்றால் சரியான விடை "வாதம் சரி" என்பதுதான். முதல் இரண்டு வாக்கியங்களை ஒப்புக்கொண்டவர் மூன்றாவதை ஒப்புக்கொண்டே தீரவேண்டும். வாக்கியங்கள் மூன்றும் பொய். ஆனாலும் வாதத்தின் கட்டுக்கோப்பில் ஓட்டை இல்லை.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். "நண்டு ஏரியில் வாழ்கிறது. இறால் ஏரியில் வாழ்கிறது. ஆகவே, நண்டுக்கும் இறாலுக்கும் ஓடு உண்டு." மூன்று வாக்கியங்களும் உண்மை. ஆனால் வாதம் உதவாது. ஏரியில் வாழ்கிறது என்பதால் ஓடு வந்துவிடாது. மடவையும் அதே ஏரியில்தான் வாழ்கிறது.

முடிவு உண்மையா என்பது ஒரு கேள்வி. சொன்ன காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போட்டித் தேர்வுகளின் தருக்கப் பகுதியில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தேர்வுக்கு வெளியே இந்தப் பழக்கம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லத்தான் இம்மாத ஆசிரியர் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் பழவேற்காட்டில் இருந்தே வரும். ஏரி, கடல், துறைமுகம், பறவைகள், வலை, வழக்கம் எனப் பல தரப்பும் தினமும் வாதம் செய்துகொண்டிருக்கும் இடம் அது.

முதலில் தேர்வுகள். எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் மனத்திறன் பகுதிக்கு மட்டும் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வலையை நம்பி வாழும் வீட்டுக்கு அந்த ஆயிரம் ரூபாய் பெரிய தொகை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவைச் சேர்ந்தவை. வங்கித் தேர்வுகளில் கூற்றும் அனுமானமும், வலுவான வாதமும் வலுவற்ற வாதமும் என்று இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் சி-சாட் எனப்படும் இரண்டாம் தாள் 2011இல் வந்தது. 2015 முதல் அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்று ஆயிற்று. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வு, 2024 ஆகஸ்டில் புதிர்க் கணக்குப் பகுதியை எடுத்துவிட்டு, குறுவாதங்களை அலசும் பகுதியை இரண்டாக்கிக்கொண்டது. 

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. குடிமைப் பணி முதல்நிலைத் தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகின்றன. தமிழ்வழியில் படித்தவர் வாதத்தைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் மொழியோடு மல்லுக்கட்ட வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், 2023 முதல் மத்திய அரசுப் பணிகளுக்காக எஸ்.எஸ்.சி. நடத்தும் சில தேர்வுகள் தமிழ் உட்பட 13 வட்டார மொழிகளிலும் நடக்கின்றன. ஆக, தருக்கத்தைத் தமிழிலேயே பழகுவது இனி வீண்போகாது.

அடுத்து, பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கமான "கூற்று – காரணம்" கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கூற்று: பழவேற்காடு ஏரி நீரின் உப்புத்தன்மை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை.
காரணம்: பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

கூற்று சரி. காரணமும் சரி; தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள ஏரிப்பகுதி 1980இல் சரணாலயம் ஆனது. இரண்டும் சரி என்றதும் கை தானாகவே "காரணம் கூற்றை விளக்குகிறது" என்ற விடைக்குப் போகும். அவசரப்படாமல் இரண்டுக்கும் நடுவே "ஏனென்றால்" என்று போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உப்பு ஏறி இறங்குகிறது, ஏனென்றால் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். காதுக்கே பொருந்தவில்லை. பொருந்தும் காரணம் வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஏரி நீரின் உப்பு குறைகிறது. கோடையில் ஆற்றுநீர் நின்றுபோகிறது. சராசரியாக ஒரு மீட்டர் அளவே ஆழமுள்ள ஏரி என்பதால் வெயிலில் நீர் வேகமாக வற்ற, உப்பு ஏறுகிறது. முகத்துவாரமும் மணல் மூடிக் கடல்நீர் வரத்து நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூற்று – காரணம் கேள்விக்கு வெளியுலக அறிவு வேண்டும்; சரணாலயம் எப்போது வந்தது, ஆறு எது என்று தெரிந்திருக்க வேண்டும். நண்டு – இறால் கேள்விக்கோ வெளியுலக அறிவைக் கொஞ்சநேரம் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும். எண்பது, தொண்ணூறு மதிப்பெண் எடுக்கும் பிள்ளை மனத்திறன் தாளில் மட்டும் சறுக்குவதற்கு அறிவுக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பிரித்துப் பார்க்கும் கலை நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சி நகரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தருக்கம் சொல்லித் தருகிறார். நேரில் காண்பது, கண்டதைக் கொண்டு கருதுவது என இரண்டே அளவைகள். சொல்லவரும் முடிவுக்குப் பக்கம் என்று பெயர், அதற்குக் காட்டும் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். இவற்றில் எது போலியாக இருந்தாலும் வாதம் விழுந்துவிடும். ஒரு காப்பியத்துக்கு நடுவே இவ்வளவு நீளமான தருக்கப் பாடம் எதற்கு என்று சலித்துக்கொண்ட தமிழாசிரியர்கள் உண்டு. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருப்பவர் அப்படிச் சலித்துக்கொள்ள மாட்டார். காரணம் போலியாவது மூன்று வகையில் என்று அடிகள் பட்டியல் போடுகிறார்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். இன்றைய தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பொருத்திப் பார்க்கலாம்.

அசித்தம் என்றால் காட்டிய காரணமே நிலைநாட்டப்படாதது. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது என்பது காப்பியம் தரும் எடுத்துக்காட்டு. ஒலி எங்கே கண்ணுக்குத் தெரிந்தது? நம் ஏரிக்கு வருவோம். "இந்த ஆண்டு பூநாரைகளே வரவில்லை, ஆகவே ஏரி கெட்டுவிட்டது" என்று ஒருவர் சொல்கிறார். அவர் பார்த்தது பழவேற்காடு ஊரையொட்டிய கரையை மட்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், சூளூர்ப்பேட்டைப் பக்கம் விரிந்து கிடக்கிறது. பறவைகள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தால், "வரவில்லை" என்ற காரணம் முதல் படியிலேயே நொடித்துவிடும்.

அநைகாந்திகம் என்றால் இரண்டு பக்கமும் பேசும் காரணம். ஒலி அறியப்படுவது என்பதை வைத்துக்கொண்டு, அது நிலையானது என்றும் சொல்லலாம், நிலையற்றது என்றும் சொல்லலாம். நிலையானவையும் அறியப்படுகின்றன, நிலையற்றவையும் அறியப்படுகின்றன. பூநாரைகளுக்கே திரும்புவோம். அவை ஏரியின் எல்லாப் பகுதியிலும் குறைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். நீர் மாசுபட்டாலும் குறையும். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினாலும் குறையும். ஆழமில்லாத நீரில் நின்று சேற்றை அலசித் தின்னும் பறவை அது, நீர் ஏறினால் வேறிடம் பார்க்கும். ஏரிக்குக் கெட்ட ஆண்டிலும் நல்ல ஆண்டிலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சான்றாகக் காட்டி எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஏலக்கூடத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணி கலங்கிக் கெடக்குதுப்பா. கம்பெனிக்காரன் கழிவைத் தொறந்து உட்டுட்டான்."

"மேற்கால மழை பேஞ்சுதுண்ணே. ஆத்துத் தண்ணி வந்தாலும் கலங்கத்தானே செய்யும்? மீன் செத்து மெதக்குதா, நாத்தம் அடிக்குதா, அதைச் சொல்லு."

அந்தத் தம்பி தருக்கப் புத்தகம் படித்திருக்க வேண்டியதில்லை. கலங்கல் இரண்டு பக்கமும் பேசும் என்று அவருக்குத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் பேசும் சான்றைக் கேட்கிறார். தேர்வில் "கீழ்க்காண்பவற்றில் எது இந்த வாதத்தை வலுப்படுத்தும்?" என்று வரும் கேள்வியும் அதைத்தான் கேட்கிறது.

விருத்தம் என்றால் எதிர்முடிவையே நிறுவிவிடும் காரணம். ஒலி நிலையானது, ஏனென்றால் அது செய்யப்படுவது என்கிறார் ஒருவர். செய்யப்பட்ட பொருள் அழியும் என்பதுதானே நாம் அறிந்தது? "ஏரி தூர்ந்து ஆழம் குறைந்துவிட்டது, ஆகவே பெரிய இயந்திரப் படகுகளை விடலாம்" என்பதும் அதே குடும்பம்தான்.

காரணம் உண்மையா? அது ஒரு பக்கம் மட்டும் பேசுகிறதா? நமக்கு எதிராகவே பேசிவிடுகிறதா? இந்த மூன்று கேள்விகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனிக் கொஞ்சம் கடினமானது. ஏரிக்கரை ஊர்களில் அடிக்கடி காதில் விழும் வாதம் இது: "காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தது. அதற்குப் பிறகு முகத்துவாரம் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஆகவே, துறைமுகம்தான் காரணம்."

ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம்மவர்கள் இதற்குத்தானே சொல்லி வைத்தார்கள்? எதிர்த்தரப்பு எளிதாகக் கேட்கும்: துறைமுகம் வருவதற்கு முன்னால் கோடையில் முகத்துவாரம் மணல் மூடியதே இல்லையா? மூடியிருக்கிறது. ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் மணலைத் தள்ளும் வேகம் இருக்காது. அதுவும் ஒரு காரணமாகலாம் அல்லவா? ஆகலாம். இந்த இரண்டு கேள்விகளிலேயே வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

இதை வலுவாக்குவது எப்படி? எப்படி நடந்தது என்ற வழியைக் காட்ட வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திசை மாறினாலும் ஆண்டு மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். கடலுக்குள் கல்சுவர் நீட்டினால் மணல் சுவரின் தெற்கே தேங்கும். வடக்கே மணல் கிடைக்காமல் கரை அரிக்கப்படும். சான்று சென்னையிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. எண்ணூரில் 2001இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதற்குச் சற்று வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. பழவேற்காடு இவை இரண்டுக்கும் வடக்கே இருக்கிறது. இப்போது வாதத்துக்குக் கால் முளைக்கிறது.

ஆனால் கூர்மையான மாணவி இங்கேயும் கையைத் தூக்குவாள். "ஐயா, நீங்கள் சொன்ன வழிப்படி வடக்கே மணல் குறைய வேண்டும். முகத்துவாரம் மூடுகிறது என்றால் அங்கே மணல் சேர்கிறது என்று பொருள். அரிப்புக்குச் சொன்ன காரணத்தை அடைப்புக்கும் சொல்லலாமா?" அருமையான கேள்வி. கரையில் அரித்தெடுத்த மணல் வாயில் வந்து விழுகிறதா, அலையின் திசை மாறியதா, ஏரிக்குள் ஏறி இறங்கும் ஓதநீரின் அளவு குறைந்ததா என்று இடைவெளியை நிரப்பும் சான்று தனியாக வேண்டும். அரிப்பைப் பற்றிய வாதம் திடமாக நிற்கிறது. அடைப்பைப் பற்றிய வாதத்துக்கு இன்னும் ஒரு படி பாக்கி.

உடனே ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, துறைமுகத்துக்கும் அடைப்புக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொன்னால் அதுவும் பிழை. ஒரு வாதம் நிறுவத் தவறியது என்பதால் அதன் முடிவு பொய்யாகிவிடாது. ஓடு உண்டு என்ற முடிவு உண்மையாக இருந்தும், "ஏரியில் வாழ்கிறது" என்ற காரணம் அதைத் தாங்கவில்லை என்று மேலே பார்த்தோம். நம்மில் பலர் வழுக்கி விழும் இடம் இது. எதிராளியின் காரணம் சொத்தை என்று காட்டிவிட்டால் நம் முடிவு நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நம்முடையதை நாம்தான் தனியாக நிறுவ வேண்டும்.

முகத்துவாரம் தொடர்பாக இன்னொரு வகைக் கேள்வி. "முகத்துவாரம் திறந்திருந்தால்தான் ஏரியில் இறால் இருக்கும். முகத்துவாரத்தைத் திறந்துவிட்டார்கள். ஆகவே ஏரியில் இறால் இருக்கும்." முதல் வாக்கியம் உண்மை. இறால் கடலில் முட்டையிடுகிறது; குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவம் எய்துகிறபோது கடலுக்குத் திரும்புகின்றன. வாசல் மூடினால் வரத்து இல்லை. ஆனால் வாசல் திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே நீர் நன்றாக இருக்க வேண்டும், சேறும் தீனியும் வேண்டும், குஞ்சிலேயே அள்ளிவிடாத வலைக்கண் வேண்டும். தேவையான நிபந்தனை ஒன்று, போதுமான நிபந்தனை வேறொன்று. போட்டித் தேர்வில் அதிகம் பேரைக் கவிழ்க்கும் பொறி இது. அரசுத் திட்டங்களின் விளம்பரத்திலும் இதே பொறியைப் பார்க்கலாம்: தேவையான ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு, எல்லாமே கிடைத்துவிடும் என்று வாக்களிப்பார்கள்.

அடுத்தது சொல்லாமல் விட்ட அனுமானம். "ஏரியில் மீன் குறைந்துவிட்டது. ஆகவே வலைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்." நடுவே ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: மீன் குறைந்ததற்கு வலைகள் அதிகமானதுதான் காரணம். இப்படி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். "மீன் குறைந்ததற்கு வலைகள் காரணம் அல்ல" என்று வைத்ததும் முடிவு சரிந்துவிடுகிறது. சரிந்தால் அது அந்த வாதத்தின் அனுமானம். சரியாவிட்டால் அனுமானம் அன்று. அனுமானத்தைக் கண்டுபிடித்தபின் மற்ற சாத்தியங்கள் வரிசையாக வரும்: ஏரி தூர்ந்தது, நன்னீர் குறைந்தது, தெற்கே அனல்மின் நிலையங்களின் சுடுநீரும் சாம்பலும் உப்பங்கழியில் கலந்தது. யார் எதைக் குறைக்க வேண்டும் என்ற விடை அப்போது மாறலாம்.

வலை என்றதும் பாடு நினைவுக்கு வருகிறது. பழவேற்காட்டின் பட்டினவர் ஊர்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு இது. இறால் நன்றாக விழும் இடங்களை யாரும் முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளாமல், குலுக்கல் போட்டும் முறைவைத்தும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. பொதுவளம் அழியாமல் பகிர்ந்துகொள்வதற்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். அதே சமயம் இந்த உரிமை ஏரியை நம்பி வாழும் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. எந்த ஊர், எந்தச் சாதி என்பதைப் பொறுத்தது. பிற்பாடு மீன்பிடிக்க வந்தவர்களோடு பிணக்குகளும் நடந்திருக்கின்றன.

இரு தரப்பு வாதத்தையும் பிரித்துப் பார்ப்போம். "எங்கள் பாட்டன் காலத்தில் இருந்து இப்படித்தான், ஆகவே இப்படியே இருக்க வேண்டும்." பழமை என்பது நல்ல வழக்கத்துக்கும் பொருந்தும், கெட்ட வழக்கத்துக்கும் பொருந்தும், அறவண அடிகள் சொன்ன இரு பக்கமும் பேசும் காரணம். "ஏரி எல்லாருக்கும் பொது, ஆகவே யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டலாம்." பொது என்பதில் இருந்து கட்டுப்பாடே வேண்டாம் என்பது எப்படி வரும்? பொதுக் குழாயில்கூட வரிசை உண்டே. முறைவைப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்த முறைக்குள் யாரைச் சேர்ப்பது என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு காரணம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டியதால்தான் வாதம் முற்றிச் சண்டையாகிறது.

வங்கித் தேர்வு பாணியில் ஒன்று. "பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதை அறவே தடை செய்ய வேண்டுமா?" வாதம் ஒன்று: ஆம், 2011 கிறிஸ்துமஸ் நாளில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாதம் இரண்டு: இல்லை, மற்ற ஏரிகளில் படகு விடுகிறார்களே.

இரண்டாவது வலுவற்றது. மற்ற ஏரிகளில் முகத்துவாரத்து நீரோட்டம் இருக்கிறதா, உயிர்காப்பு உடுப்பு தருகிறார்களா என்று எதுவும் சொல்லவில்லை. முதலாவது நெஞ்சைத் தொடுகிறது. கேள்வியோடு நேரடித் தொடர்பும் உள்ளது. பெரும்பாலான விடைப் புத்தகங்கள் அதை வலுவானது என்றே குறிக்கும். ஆனாலும் ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றியதால் வந்த சாவு, அளவோடு ஏற்ற வேண்டும் என்பதை நிறுவுகிறது. அறவே ஏற்றக்கூடாது என்பதற்கு, கட்டுப்பாடு போட்டாலும் காப்பாற்ற முடியாது என்று கூடுதலாகக் காட்ட வேண்டும். துயரம் பெரிதாக இருக்கும்போது இந்த இடைவெளி கண்ணில் படாது. அப்போதுதான் அதைப் பார்க்க வேண்டிய தேவையும் அதிகம்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் என்றால் ஆசிரியர் பக்கத்தில் இவ்வளவு இடம் எடுத்திருக்க மாட்டேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். முப்பது நாளுக்குக் குறையாமல் அறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். எழுத்து மூலமாகவும் கருத்துச் சொல்லலாம். எழுப்பிய ஆட்சேபங்களைத் திட்டத்தைக் கொண்டுவருபவர் இறுதி அறிக்கையில் எதிர்கொள்ள வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரில் இருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கூட்டங்கள் நடக்காமல் தள்ளிப்போயின. இப்படி ஒரு கூட்டம் என்று நடந்தாலும், ஏரிக்கரையில் இருந்து போகிறவருக்கு ஒலிவாங்கி கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் அவர் சொல்வது ஒரு குறுவாதம்.

"துறைமுகம் வந்தால் எங்கள் வாழ்க்கை அழிந்துவிடும்" என்று சொன்னால் அதில் வலி இருக்கிறது. பதில் எழுதுபவர் "பாதிப்பு குறைக்கப்படும்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார். "எங்கள் கரை துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. மணல் வடக்கே நகர்கிறது. சென்னையில் இப்படி நடந்தது. கரை அரித்தால் ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல்மேடு மெலியும். மெலியாது என்று உங்கள் அறிக்கை எந்தப் பக்கத்தில் நிறுவியிருக்கிறது?" என்று கேட்டால் தாண்டிப் போவது கடினம். எதிர்ப்பக்க அறிக்கையையும் அதே கண்ணோடு படிக்கலாம். "திட்டத்தால் வேலைவாய்ப்பு பெருகும்; ஆகவே மீனவர் வாழ்வு உயரும்." ஒளிந்திருக்கும் அனுமானம் தெரிகிறதா? அந்த வேலைகள் மீனவருக்குக் கிடைக்கும் என்பதும், இழக்கும் வருமானத்தைவிடக் கூலி அதிகம் என்பதும். எதிர்மறையாக்கிப் பாருங்கள், முடிவு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் காரணத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் கட்சி. முடிவு பிடித்துவிட்டால் காரணத்தை யாரும் சோதிப்பதில்லை. கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொத்தைக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற நல்ல காரணங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். கரையேறியதும் வலையை உதறி எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் அதை அடுத்தவர் வலையில் பார்ப்பதில்லை, தம் வலையில் பார்க்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனத்திறன் பகுதிக்குக் குறுக்குவழி மனப்பாடம் வேண்டாம். நாளுக்கு ஒரு வாதம் போதும். நாளிதழ்த் தலையங்கத்திலோ வாட்ஸாப்பிலோ ஊர்க்கூட்டத்திலோ கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு எது என்று முதலில் கோடிடச் சொல்லுங்கள். முடிவு எப்போதும் கடைசியில்தான் வரும் என்பதில்லை, பேச்சில் பெரும்பாலும் முதலிலேயே வந்துவிடும். பிறகு காரணத்துக்குக் கோடிடட்டும். நடுவே என்ன சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதட்டும். முடிவோடு தனக்கு உடன்பாடா என்பதைக் கடைசியில் சொல்லட்டும். வாரத்தில் ஒரு நாளாவது தனக்குப் பிடித்த முடிவுக்குச் சொல்லப்பட்ட மோசமான காரணத்தையும், பிடிக்காத முடிவுக்குச் சொல்லப்பட்ட நல்ல காரணத்தையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதலில் கசக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

தோணிரேவுப் பிள்ளைகளும் மற்ற ஊர்ப் பிள்ளைகளும் முயன்று பார்க்க ஒரு கேள்வி தருகிறேன். விடையை நான் சொல்லப்போவதில்லை.

"ஓர் ஏரியில் ஐந்து ஆண்டுகளில் படகுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆனது. ஒரு படகுக்குக் கிடைக்கும் இறால் பாதியாகக் குறைந்தது. ஆகவே, அந்த ஏரியில் இறால் வளம் பாதியாகக் குறைந்துவிட்டது."

முடிவு எது, காரணம் எது, சொல்லாமல் விட்டது எது, இந்த வாதத்தைச் சோதிக்க நீங்கள் கேட்கும் முதல் புள்ளிவிவரம் எது என்று நான்கு வரிகளில் எழுதி அனுப்புங்கள். வயது வரம்பு இல்லை. பிள்ளைக்குச் சொல்லித் தரும் அம்மாவும் எழுதலாம், வலை பின்னும் தாத்தாவும் எழுதலாம். விடை சரியா என்பதைவிட, அதற்கு நீங்கள் காட்டும் காரணம் தாங்குகிறதா என்று பார்த்து, நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்